வளர்க்கலாம்... ஊருக்குக் கூட்டிப் போகக் கூடாதா?

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதே திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்க ஆரம்பித்துவிடும். போனஸ் கைக்கு வந்த ராத்திரியே பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது. தேனி, மதுரை, திருநெல்வேலி பக்கத்து ஆட்கள் அங்கே. பீகார், ஒடிசா, ஜார்கண்ட் ஆட்கள் ரயில்வே ஸ்டேஷனில், தன்பாத் ரயிலுக்காகப் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி. ஊரே ஊருக்குப் போகிறது. அந்த வாரத்தில் காம்பவுண்டு வீடுகளில் விளக்கு எரிந்தால்தான் அதிசயம்.

இந்தக் கூட்டத்தில் ஒரு தம்பதியைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் பவர் டேபிள் டைலர். அந்தம்மா செக்கிங். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. குழந்தைகள் நலக் குழுவிடம் முறையாக விண்ணப்பித்து, வீட்டை வந்து பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து, எல்லாம் முடிந்து ஏழு வயசுப் பையன் ஒருவனை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்திருக்கிறார்கள். தத்து அல்ல, வளர்ப்பு. அந்தம்மாவுக்குப் பிறந்த வீடு பாலக்காடு. ரயிலில் இரண்டு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வருகிறது.

இப்போது கேள்வி. பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

இதே தம்பதி பையனைச் சென்னைக்குக் கூட்டிப் போனால் ஏழெட்டு மணி நேரப் பயணம், ஆனால் 'மாநிலத்துக்குள்'. கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனாலும் அப்படித்தான். பாலக்காடு மட்டும் வெளிமாநிலம். உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் பக்கம் பஸ் ஏறினால் சின்னாறு தாண்டியதும் வெளிமாநிலம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் யாரும் கேட்டிராத ஒரு கோட்டின் அந்தப் பக்கம் பாட்டி வீடு இருப்பது ஏழு வயசுப் பையனின் குற்றமா?

தத்துக்கும் வளர்ப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தத்து எடுத்துவிட்டால் அது உங்கள் குழந்தை, சொத்துரிமை உட்பட. டில்லிக்கும் கூட்டிப் போகலாம், டிம்பக்டூவுக்கும் கூட்டிப் போகலாம். வளர்ப்புப் பராமரிப்பு அப்படி இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பெற்றவர்கள் இல்லாத, அல்லது இருந்தும் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள குழந்தையைக் கொஞ்ச காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ வேறொரு குடும்பத்தில் குழு ஒப்படைக்கிறது. படிப்பு, சாப்பாடு, மருத்துவம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் பிள்ளை மீது கடைசி வார்த்தை குழுவுடையது. ராத்திரி காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போடுவது அந்தம்மா. கையெழுத்துப் போடுவது ஐந்து பேர் கொண்ட குழு.

இதில் தவறு ஒன்றும் இல்லை. குழந்தை பொதுச் சொத்தல்ல, ஆனால் அரசின் பொறுப்பு. கண்காணிப்பு இருக்கத்தான் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், கண்காணிப்பு எதற்கு, எவ்வளவு, யார் மேல் என்பதில்.

மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் வளர்ப்புக் குடும்பத்தின் கடமைகளைச் சொல்லும்போது, குழந்தை எங்கே இருக்கிறது என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும், திட்டம் மாறினாலோ விடுமுறைக்குப் போவதாக இருந்தாலோ குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. கவனியுங்கள், 'தெரிவிக்க'. தெரிவிப்பதும் அனுமதி கேட்பதும் ஒன்றல்ல. தாசில்தார் ஆபீஸ் வாசலில் ஒரு நாள் நின்றவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் நம் ஊர் நிர்வாகத்தில் 'தெரிவிக்க' என்ற சொல் மேஜையைத் தாண்டி அந்தப் பக்கம் போவதற்குள் 'அனுமதி பெற' என்று மாறிவிடும். 'எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்' என்பார்கள். எப்போது பார்ப்பார்கள்? பாட்டிக்குக் காரியம் முடிந்த பிறகா?

உடனே ஒரு கூட்டம் ஜல்லியடிக்கக் கிளம்பும். 'கடத்திக்கொண்டு போய்விட்டால்? விற்றுவிட்டால்? யார் பொறுப்பு? குழந்தை ஹோமிலேயே இருந்திருந்தால் பத்திரமாக இருந்திருக்குமே!' நல்ல கேள்விதான். ஆனால் பதிலையும் பார்த்துவிட வேண்டும்.

2007இல் மாமல்லபுரத்து அனாதைக் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது. அது உச்ச நீதிமன்றம் போய், 'தமிழ்நாட்டின் அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல்' என்று தமிழ்நாட்டின் பெயரையே தலைப்பில் தாங்கிய வழக்கானது. (இந்த வகைப் பெருமையும் நமக்கு உண்டு.) 2010இல் அசாம், மணிப்பூரிலிருந்து படிக்க வைப்பதாகச் சொல்லிக் கூட்டி வரப்பட்ட குழந்தைகள் கன்னியாகுமரி மாவட்டத்து இல்லங்களில் மீட்கப்பட்டார்கள். அதன்பின் அந்த இரண்டு மாநிலங்களும் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் படிப்புக்காக வெளிமாநிலம் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014 மே மாதம் ஜார்கண்ட், பீகார், வங்காளத்திலிருந்து கிட்டத்தட்ட 600 குழந்தைகள் ரயிலில் பாலக்காட்டில் வந்து இறங்கினார்கள், கேரள அனாதை இல்லங்களுக்கு. ஈரோடு, திருப்பூர் தாண்டித்தான் அந்தப் பாதை பாலக்காட்டுக்குப் போகிறது. வழியில் எத்தனை ஸ்டேஷன், எத்தனை டிக்கெட் பரிசோதகர்கள்! (பிறகு விசாரித்த சிபிஐ, அது கடத்தல் அல்ல, இலவசப் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் பெற்றோரே அனுப்பியது என்றது. அப்படியே இருக்கட்டும். 600 பிள்ளைகள் இத்தனை மாநிலம் தாண்டும் வரை யாருக்கும் கேள்வி வரவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.) 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளியே வந்தது. அதில் சிக்கியது ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ்.

இந்த நான்கிலும் குழுவின் உத்தரவோடு குழந்தையை வளர்த்த குடும்பம் எது? ஒன்றுகூட இல்லை. இல்லங்கள், இடைத்தரகர்கள், ஆஸ்பத்திரித் தொடர்புகள். பூட்டு ஒரு கதவில், திருடன் வருவது வேறு கதவில்.

மாமல்லபுரத்தில் ஆரம்பித்த அந்த வழக்கில் 2017 மே 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யுங்கள் என்றதோடு, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை உடனே இல்லத்தில் தள்ளாதீர்கள், தத்து, வளர்ப்புப் பராமரிப்பு போன்ற வழிகளையும் பாருங்கள் என்றும் நீதிமன்றம் சொன்னது. எந்த மாநிலத்தின் இல்லங்களால் அந்த வழக்கு பிறந்ததோ, அதே மாநிலத்தில் 'ஹோமிலேயே பத்திரம்' என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

திருப்பூர் ஸ்டேஷனுக்கு வருவோம். 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர். உள்ளூர் ஆள் போதாமல் முதலில் தென்மாவட்டங்களிலிருந்தும், பிறகு வடக்கிலிருந்தும் ஆள் இறங்கிய ஊர். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று பதின்வயதுப் பெண்களை மூன்று வருஷம் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் அடைத்து வைத்த பகுதி. அந்தப் பெண்களைக் கிராமத்திலிருந்து மில்லுக்கு ஏஜெண்ட் வேனில் ஏற்றி வந்தபோது எந்தக் குழு அனுமதி கொடுத்தது? ஹாஸ்டல்களையும் இல்லங்களையும் முறைப்படுத்த 2014இல்தான் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதுவரை?

இன்றும் வடக்கிலிருந்து வரும் ரயிலில் பதினைந்து, பதினாறு வயசு மதிக்கத்தக்க பிள்ளைகள் ஏஜெண்டோடு இறங்கினால், ஆதாரில் பதினெட்டு என்று இருந்தால் போதும். அட்டையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கூட்டி வரும் காண்ட்ராக்டருக்கு உரிமம் வேண்டும் என்று 1979இலேயே சட்டம் வந்தது. இப்போது அதை விழுங்கிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்துவிட்டது. காண்ட்ராக்டர் மட்டும் அதே செல்போனோடு அதே பிளாட்பாரத்தில் நிற்கிறார். இருபது பேரை உள்ளே கொண்டுவர ஒரு போன் போதும். ஒரு பையனைப் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போக ஐந்து பேர் உட்கார்ந்து பேச வேண்டும். இதற்குப் பெயர் குழந்தைப் பாதுகாப்பாம்!

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. திருப்பூரில் நிஜமாகவே அடுத்தவர் பிள்ளையை வளர்ப்பவர்களில் எத்தனை பேர் கையில் உத்தரவு இருக்கும்? லைன் வீட்டில் பக்கத்து ரூம்காரி செத்துப்போனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? அன்றைக்கு ராத்திரி யார் சோறு போடுகிறாரோ அவர்தான். ஒடிசாவிலிருந்து வந்த ஒருத்தி, கூட வேலை பார்த்தவளின் ஐந்து வயசு ஆகாத பெண்ணைத் தன்னோடு வைத்துக்கொள்கிறாள் என்று வையுங்கள். கம்பெனிக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விடுகிறாள், சனிக்கிழமை சம்பளத்தில் கவுன் எடுத்துத் தருகிறாள். பெரியம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டது அந்தப் பெண்.

சட்டப்படி அவள் என்ன செய்திருக்க வேண்டும் தெரியுமா? ஆதரவற்ற குழந்தை கையில் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ, 1098க்கோ, குழுவுக்கோ சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். பிரிவு 32, 33, 34. போஸ்டர் ஒட்டிச் சொன்னார்களா? ஒடியாவில் சொன்னார்களா? இந்தியில்? சட்டம் தெரியாது என்பது சாக்காகாது என்பார்கள். நியாயம். ஆனால் சட்டத்தைத் தெரியப்படுத்தாதது மட்டும் சாக்காகிவிடுகிறது.

இவள் ஊருக்குக் கிளம்புகிறாள். ரிசர்வேஷன் கிடைக்காது, முன்பதிவில்லாப் பெட்டிதான். அங்கே அடையாள அட்டை கேட்பதில்லை. ஐந்து வயசு ஆகாத பிள்ளைக்கு டிக்கெட்டும் வேண்டாம். ஆக, காகிதமே இல்லாத பயணம். மூன்றாம் நாள் ஏதோ ஒரு ஸ்டேஷனில் ரயில்வே பாதுகாப்புப் படை வந்து 'யார் பிள்ளை?' என்று கேட்கிறது. 2018இலிருந்து 'நன்ஹே ஃபரிஷ்தே' என்ற பெயரில் அவர்கள் ரயில்களிலும் ஸ்டேஷன்களிலும் குழந்தைகளை மீட்கிறார்கள். அதில் எத்தனையோ நிஜமான மீட்பு இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவளிடம் காட்ட என்ன இருக்கிறது? இறந்தவளோடு எடுத்த ஒரு செல்போன் போட்டோ. பிள்ளை அந்த ஊர் இல்லத்துக்குப் போகும். இவள் ஸ்டேஷன் பெஞ்சில். காகிதம் இல்லாத அன்புக்கும் காகிதம் இல்லாத கடத்தலுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம். அந்தப் படைவீரரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வேறுபடுத்திக் காட்டும் காகிதத்தை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லையே.

தமிழுக்கு இது புதிதுமல்ல. அகப்பாட்டுகளில் நற்றாய் வீட்டில் அழுதுகொண்டிருப்பாள், பாலை நிலத்துக்கு மகளைத் தேடிப் போகிறவள் செவிலித்தாய். வளர்த்தவள்தான் எல்லை தாண்டுகிறாள். நல்லவேளை, வாளையாறு செக்போஸ்டில் யாரும் மறிக்கவில்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். பதிலுக்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. (போனாலும் தவறில்லை. அங்கேயும் வளர்ப்புக் குழந்தையை மாநிலம் தாண்டிக் கூட்டிப் போக அதிகாரியையோ நீதிபதியையோ கேட்க வேண்டிய வழக்கம் உண்டு. ஆனால் 2014இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அக்கறையுள்ள பெற்றோர் எடுக்கும் அன்றாட முடிவுகளை வளர்ப்புப் பெற்றோரும் எடுக்கலாம் என்றார்கள். இங்கிலாந்தில் எந்த முடிவு யார் கையில் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள்.) நம்மிடமே இருக்கிறது, அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம், 26ஆவது பிரிவு. நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அனுமதியில்லாமல் குழந்தையை அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அவ்வளவு கண்டிப்பு. ஆனால் அதே பிரிவின் அடுத்த வரி என்ன சொல்கிறது? அந்த அனுமதி ஒரு தடவைக்கு மட்டுமான சிறப்பு அனுமதியாகவும் இருக்கலாம், பொது அனுமதியாகவும் இருக்கலாம். அந்தக் காலத்துக்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது, பிள்ளை வளர்ப்பவர் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கோர்ட்டுப் படி ஏற முடியாதென்று.

இதைத்தான் வளர்ப்புப் பராமரிப்பு உத்தரவிலும் கேட்க வேண்டியிருக்கிறது. குழந்தையை ஒப்படைக்கும் அதே உத்தரவில் நாலு வரி. இன்னின்ன உறவினர் வீடு இன்ன மாநிலத்தில் இருக்கிறது, இத்தனை நாள் வரை கூட்டிப் போகலாம், கிளம்பும் முன் பாதுகாப்பு அலகுக்குத் தேதியும் போன் நம்பரும் சொல்ல வேண்டும், திரும்பியதும் பிள்ளையைக் காட்ட வேண்டும். வீட்டை விசாரிக்க வரும்போதே 'உங்க சொந்தக்காரங்க எங்கெங்க இருக்காங்க?' என்று கேட்டால் தீர்ந்தது. நீண்ட நாள் என்றால் தனி அனுமதி, அதற்கும் பதில் சொல்லக் கெடு. சாவு, ஆஸ்பத்திரி என்றால் குழுவின் ஒரே உறுப்பினர் போனில் சொன்னால் போதும். முடியாதா? குழு கூடாத நேரத்தில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தால் ஒரே உறுப்பினர் முன் நிறுத்தி இல்லத்துக்கு அனுப்ப இதே சட்டம் வழி செய்திருக்கிறது. இல்லத்துக்கு அனுப்ப ஒருவர் போதும், பாட்டி வீட்டுக்கு அனுப்ப மட்டும் போதாதோ?

இன்னொன்றையும் இதே சட்டம் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது. 95ஆவது பிரிவு. குழந்தை வேறு மாநிலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால் அந்த ஊர்க் குழுவோடு பேசி, 15 நாளுக்குள் போலீஸ் துணையோடு, பெண் பிள்ளை என்றால் பெண் போலீசோடு, பயணப்படி கொடுத்து அனுப்ப வேண்டும். அதாவது திருப்பூர்க் குழுவும் இன்னொரு மாநிலத்துக் குழுவும் பேசிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. திருப்பி அனுப்புவதற்கு இருக்கிற அந்த ஏற்பாடு, போய்விட்டு வருவதற்கு ஏன் இல்லை?

எதிர்வாதங்களில் ஒன்று மட்டும் உண்மையாகவே யோசிக்க வேண்டியது. வளர்ப்பு என்பது தற்காலிகம். பெற்ற தாய் உயிரோடு இருக்கலாம், ஆஸ்பத்திரியிலோ சிறையிலோ. அவள் பார்க்க வரும் நாளில் பிள்ளை ஒடிசாவில் இருந்தால்? அவள் உரிமை என்னாவது? இதற்கு ஒரே பதில் தேதிதான். தாய் வரும் நாள் முன்கூட்டித் தெரிந்தால் அந்தத் தேதியைத் தவிர்த்துப் பயணம். அவளுக்கும் ஒரு போன். 'உன் பிள்ளை ஒரு வாரம் ஊருக்குப் போகிறான்' என்று பெற்றவளுக்குச் சொல்வது மரியாதையும்கூட. அவளைக் காரணம் காட்டிப் பிள்ளையை வீட்டிலேயே வைக்கச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்?

2024இல் வந்த புதிய வழிகாட்டு நெறிமுறைகள், கல்யாணம் ஆகாதவர், விதவை, விவாகரத்தானவர் எல்லோரும் 35 வயதுக்கு மேல் குழந்தை வளர்க்க முன்வரலாம் என்கின்றன. (தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது.) அதற்கு முன் தம்பதிக்கு மட்டும்தான். இரண்டு வருஷம் வளர்த்தபின் தத்துக்கும் வழி உண்டு, முன்பு ஐந்து வருஷம். திருப்பூருக்கு இது சின்ன விஷயமல்ல. கணவனை இழந்து, ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் வேறு மாவட்டம் அல்லது வேறு மாநிலம். ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்க ஆசைப்பட்டு விசாரிக்கப் போகிறவளிடம், 'ஊருக்குக் கூட்டிப் போகணும்னா ஒவ்வொரு தடவையும் வந்து எழுதிக் கொடுங்க' என்றால் அவள் என்ன செய்வாள்? ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஆர்டர் அவசரத்தில் ஒன்றரை ஷிப்டு ஓடும் சீசனில் லீவே கிடையாது. குழு மாதத்தில் குறைந்தது 20 நாள் உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 20 நாளும் கம்பெனி ஓடும் நாள்தானே! கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். பிள்ளை ஹோமில் இருக்கும்.

அந்த ஹோமுக்கும் தீபாவளி வரும். அப்பா அம்மா யாராவது இருக்கிற பிள்ளைகளை முந்தின நாளே வந்து கூட்டிப் போய்விடுவார்கள். யாரும் வராத ஏழெட்டுப் பேர் மிச்சம் இருப்பார்கள். அவர்களுக்கு யாராவது ஒரு கம்பெனி முதலாளி எக்ஸ்போர்ட்டில் கழிந்த பனியன்களைப் பெட்டியில் போட்டு அனுப்பி வைப்பார். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பனியனின் முதுகில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் பெயர் அச்சடித்திருக்கும்.